இன்று காலை பிறந்த மாடு

ஜூலை மாதத்தில் ஸ்வீடனில் யாரும் நோயில் விழக் கூடாது. குழாய் ஒழுகக் கூடாது, பல் வலிக்கக் கூடாது, முடிந்தால் சாகவும் கூடாது. மருத்துவர், குழாய்க்காரர், பாதிரியார் எல்லோரும் ஏதாவது ஓர் ஏரிக்கரையில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து ஸ்ட்ராபெரி தின்றுகொண்டிருப்பார்கள். எழுதிக் கேட்டால், ஆகஸ்டில் பேசலாம் என்று அவர்களுடைய கணினி மட்டும் பதில் போடும்.

எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் விடுமுறையை டிசம்பருக்குச் சேர்த்து வைத்துத் திருநெல்வேலிக்குப் போகிறவள். அதனால் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஜூலையிலும் மால்மோ அலுவலகத்துக்கு நானே காவல். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, தபாலை எடுத்து வைப்பது, தென் ஸ்வீடனின் மாடுகளுக்கெல்லாம் வம்சம் பார்ப்பது எல்லாம் என் தலையில்.

வம்சம் என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்களுடையது மாடு வளர்ப்பவர்களின் கூட்டுறவுச் சங்கம். எந்தப் பசுவுக்கு எந்தக் காளையின் ஊசியைப் போடலாம், எது அண்ணன் தங்கை முறை, எது தாத்தா பேத்தி முறை என்று பார்த்துச் சொல்வது எங்கள் கணினிப் பிரிவின் வேலை. கட்டம் கட்டமாக எழுதி வைக்கிற சாதாரண டேட்டாபேஸ் இதற்குச் சரிப்படாது. ஒவ்வொரு மாடும் ஒரு முடிச்சு, தாய்க்கு ஒரு நூல், தகப்பனுக்கு ஒரு நூல் என்று வலையாகப் பின்னி வைக்கிற கிராஃப் டேட்டாபேஸ் வேண்டும். இரண்டு மாட்டின் பெயரைக் கொடுத்தால் அது நூலைப் பிடித்துக்கொண்டே ஓடிப்போய் உறவு உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். உறவு இல்லையென்றால் செல்போனில் பச்சை விளக்கு எரியும். எங்கள் ஊர்க் கல்யாணத் தரகர் எவரும் இவ்வளவு யோக்கியமாகப் பொருத்தம் பார்த்ததில்லை.

அந்த ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை மைக்கென் கூப்பிட்டாள்.

"ஈசாக், என் லில்யா இன்னிக்குக் காலையிலதான் பொறந்தாளாம். அம்மாவும் இல்லையாம், அப்பாவும் இல்லையாம். உங்க கம்ப்யூட்டர்தான் சொல்லுது. பொறந்த அன்னிக்கே காளைக்குக் கத்துறா. என்னன்னு பாரு கண்ணு."

என் பெயர் இசக்கியம்மாள். இங்கே அதை ஈசாக் என்று சுருக்கிவிட்டார்கள். ஈசாக் இந்த ஊரில் ஆம்பிளைப் பெயர். அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை, நானும் விட்டுவிட்டேன்.

மைக்கென், ஹூர்பி பக்கத்தில் ஒரு டஜன் செம்மாடுகளை வைத்திருப்பவள். வங்கி வேலையை உதறிவிட்டு, அருகிப்போன அந்த இனத்தைக் காப்பாற்றுகிறேன் என்று இறங்கியவள். முதன்முதலில் வாங்கிய மாடுதான் லில்யா. அந்த இனத்தில் மிச்சமிருப்பதே கொஞ்சம் மாடுகள் என்பதால் பாதிக்குப் பாதி சொந்தக்காரர்கள். உறவு பார்க்காமல் ஊசி போட்டால் கன்று ஊனமாகப் பிறக்கலாம், சங்கத்திலும் அதைச் சேர்க்க மாட்டார்கள். லில்யாவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை ஊசி போட்டுச் சினை பிடிக்கவில்லை. அந்தக் கோடையிலோ மழை பொய்த்து, புல் கருகி, வைக்கோலுக்கு அடிதடி. சினை இல்லாத மாட்டுக்குக் குளிர்காலத்தில் போட மைக்கென்னிடம் தீனி இல்லை. செவ்வாய்க்கிழமை வரச்சொல்லி அடிமாட்டு லாரிக்குப் பதிந்து வைத்திருந்தாள். இன்றைக்கு ஊசி போட்டுவிட்டால் லாரியை வேண்டாமென்று சொல்லிவிடலாம், இல்லாவிட்டால் போகட்டும் என்று முடிவு. ஜூலையில் இந்த நாட்டில் ஒழுங்காக வேலை செய்கிறது அந்த லாரி ஒன்றுதான்.

பால்டெர் என்று ஒரு காளை. செத்து வருடக்கணக்காகிறது. அதன் உறைவிந்துக் குச்சி நாட்டிலேயே ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஊசி போடுகிற பெர்யெ அதை நைட்ரஜன் குடுவையில் வைத்துக்கொண்டு மாலையில் வருவதாக இருந்தான்.

"பச்ச விளக்கு எரியத்தான் செய்யுது," என்றாள் மைக்கென். "ஆனா அம்மாவே இல்லாதவளுக்கு எவன் சொந்தக்காரனா இருப்பான்? எல்லாரும் பச்சதான். சாயங்காலத்துக்குள்ள சரிபண்ணிக் குடு. அவ சூடு அதுவரைக்கும்தான் தாங்கும்."

சரிபண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். லட்சக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் சில நூறு முடிச்சுகள். நூல் ஒன்றுகூட இல்லை. எங்கள் நிரலுக்கு ஒரு பெரிய மனசு உண்டு: கேட்ட மாடு உள்ளே இல்லையென்றால் இல்லை என்று முகத்திலடித்தாற்போலச் சொல்லாது, அந்தப் பெயரில் புதிதாக ஒரு மாட்டை உண்டாக்கிவிடும். யாராவது விசாரித்த மாடுகளெல்லாம் அன்றன்றைக்குப் பிறந்த அனாதைகளாக உள்ளே நின்றுகொண்டிருந்தன. அனாதைக்கும் அனாதைக்கும் உறவு ஏது? எல்லாவற்றுக்கும் பச்சை விளக்கு. மாகாணம் முழுக்க எத்தனை காளைகள் சொந்தப் பேத்திக்கே மாப்பிள்ளையாகிவிட்டனவோ தெரியாது. ஒருவரும் புகார் சொல்லவில்லை. பச்சை எரியும்போது யார் புகார் சொல்வார்கள்?

வினை எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க நேரமாகவில்லை. விடுமுறைக்குக் கிளம்பும் முன் இந்த மக்கள் கூடிச் சுத்தம் செய்வார்கள். அதற்கென்று ஒரு நாள். இயக்குநர் உட்பட எல்லோரும் கையுறை மாட்டிக்கொண்டு ஃப்ரிட்ஜைத் துடைத்து, யாருடையது என்று தெரியாத டப்பாவையெல்லாம் குப்பையில் போட்டு, கடைசியில் காபியும் இலவங்கப்பட்டை ரொட்டியுமாக உட்காருவார்கள். எங்கள் டோர்க்கெலுக்குக் கையில் துடைப்பம் இருந்தால் அருள் வந்துவிடும். இந்த வருடம் சமையலறையை முடித்த சூட்டோடு சர்வரிலும் இறங்கிவிட்டான்.

எங்கள் டேட்டாபேஸ் ஒரு கன்டெய்னருக்குள் ஓடுகிறது. கன்டெய்னர் என்பது ஒரு பெட்டி. பழசைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதுசு வைக்கலாம், நஷ்டமில்லை. மாடுகளின் விவரம் பெட்டிக்கு வெளியே தனிக் கிடங்கில் இருக்கும். பெட்டியை மாற்றுவதற்காக டோர்க்கெல் ஒரு நிமிடம் அதைக் கழற்றியிருக்கிறான். அந்த ஒரு நிமிடத்தில் கிடங்கு யாருக்கும் சொந்தமில்லாததாகத் தெரிந்திருக்கிறது. சொந்தக்காரர் இல்லாத கிடங்கையெல்லாம் கூட்டித் தள்ளு என்று கட்டளை போட்டுவிட்டான். ஃப்ரிட்ஜில் கிடந்த டப்பாவும் தென் ஸ்வீடனின் மாட்டு வம்சமும் ஒரே துடைப்பத்தில் போயின. பிறகு புதுப் பெட்டியை வைத்தான். அது காலிக் கிடங்கோடு எழுந்து, நலமாக இருக்கிறேன் என்று பச்சை காட்டியது. டோர்க்கெல் ரொட்டி தின்னப் போய்விட்டான்.

சரி, பேக்கப் எதற்கு இருக்கிறது? தினமும் தவறாமல் எடுக்கிறோம். தணிக்கைக்கு வந்தவர்கள் கைகுலுக்கிவிட்டுப் போன பேக்கப். ஏற்றிவிட வேண்டியதுதான் என்று கையைக் கொண்டுபோனபோதுதான் விதிமுறையில் இருந்த ஒரு வரி கண்ணில் பட்டது. பேக்கப்பிலிருந்து மீட்பது என்ற முடிவைக் குழுவினர் அனைவரும் சேர்ந்து எடுக்க வேண்டும்.

எங்கள் தலைவர் ஹென்னிங்கைப் பிடித்தேன். தலைவர் என்பது ஒரு பேச்சுக்கு. இந்த ஊரில் அமைச்சரையே நீ என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டளை போடுவது அநாகரிகம். அவன் கோடைவீட்டு வாசலில் நின்றபடி முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்து, இந்த நாட்டில் எல்லா வாசலிலும் எழுதி ஒட்டத் தக்க அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"நீ என்ன நினைக்கிற?"

இப்போதே ஏற்ற வேண்டும் என்று நினைக்கிறேன், மாடு காத்திருக்கிறது என்றேன். அவனும் அப்படித்தான் நினைக்கிறானாம். ஆனாலும் மற்றவர்கள் மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடலாமே என்றான்.

மனசு கேட்கும் கூட்டம் மதியத்துக்குமுன் கூடியது. திரையில் ஹென்னிங். இன்னொரு கட்டத்தில் படகில் சீவ், எங்கள் குழுவின் நாலாவது ஆள். காற்றில் அவள் பேச்சில் பாதி கடலுக்குப் போனது. மூன்றாவது கட்டத்தில் டோர்க்கெல், தன் மரவீட்டுக்குச் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தவன், தூரிகையோடு. டோர்க்கெல் அழித்துவிட்டான் என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. ஒரு சுத்தம் நடந்திருக்கிறது என்றார்கள். மழை பெய்திருக்கிறது என்பதுபோல. நான் ஒரு முறை மைக்கென்னின் மாட்டைப் பற்றிச் சொன்னேன். மூவரும் மிகவும் வருத்தப்பட்டார்கள். வருத்தப்பட்டு முடித்துவிட்டு, இந்தச் செய்தி டோர்க்கெலை எப்படிப் பாதிக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு காபி நேரம் வந்தது. நாலு பேரும் அவரவர் இடத்தில் காபி குடித்தோம். எனக்கு அந்தக் காபியை யார் தலையிலாவது ஊற்ற வேண்டும்போல இருந்தது.

ஒருவழியாக ஒருமனதாக முடிவானது. மீட்கலாம்.

மீட்கப் போனால் அடுத்த கூத்து. டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பேக்கப்பை ஏற்ற முடியாது, அதை நிறுத்தியாக வேண்டும். ஆனால் பெட்டிக்கு உயிரே அந்த டேட்டாபேஸ்தான். அதை நிறுத்தினால் பெட்டி செத்துவிடும். செத்த பெட்டிக்குள் உட்கார்ந்து எதை ஏற்றுவது? போதாக்குறைக்குப் பெட்டி விழுந்த மறுகணம் காவல் நிரல் ஒன்று ஓடிவந்து புதுப் பெட்டியை எழுப்பி நிறுத்திவிடும். நான் நிறுத்த, அது எழுப்ப, நான் நிறுத்த, அது எழுப்ப. மதியச் சாப்பாட்டை மறந்து அந்தக் கழுதையோடு மல்லுக்கட்டினேன்.

வழி இல்லாமல் இல்லை. இந்தப் பெட்டி ஒன்றும் வேண்டாம், எண்ணிக்கை பூஜ்யம் என்று காவல் நிரலுக்கே சொல்லிவிட வேண்டும். அது சும்மா இருக்கும் நேரத்தில், அதே கிடங்கை மாட்டி வேறொரு பெட்டியைத் திறந்து, பேக்கப்பை ஏற்று, முடிந்ததும் செத்துப் போ என்று அதற்கு இரண்டே கட்டளை கொடுக்க வேண்டும். ஆனால் காவல் நிரலுக்கு உத்தரவு போடும் உரிமை டோர்க்கெல் ஒருவனுக்குத்தான். கூப்பிட்டால் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவன் மனைவி எடுத்து, அவன் ஏரியில் நீந்தப் போயிருக்கிறான், காலையிலிருந்து மனசு சரியில்லை என்றாள். எனக்கும்தான் சரியில்லை, அதற்காக நான் ஏரியில் குதித்தேனா? அவன் கரையேறித் துவட்டி வந்து உரிமையைத் தந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

அவனிடம் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அதுவும் வேலையில் சேர்த்திதான்.

பிறகு எல்லாம் வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல நடந்தது. காவல் நிரல் அடங்கியது. புதுப் பெட்டி திறந்து, பேக்கப்பை ஏற்றி, வெற்றி என்று எழுதிவிட்டுச் சமர்த்தாகச் செத்தது. காவலை மறுபடி எழுப்பினேன். பச்சை. திரையில் மூன்று பேரும் கட்டைவிரலைத் தூக்கினார்கள். ஒன்றாக உட்கார்ந்து யோசித்தால் முடியாதது இல்லை என்று ஹென்னிங் நெகிழ்ந்துபோய்ச் சொன்னான். சீவுக்குப் படகில் கண் கலங்கியது. காற்றினாலும் இருக்கலாம்.

நான் லில்யாவைக் கேட்டேன். தாய் இல்லை. தகப்பன் இல்லை.

முந்தின நாள் பேக்கப்பை ஏற்றினேன். அதற்கு முந்தினதை ஏற்றினேன். இருப்பதிலேயே பழைய பேக்கப் வரைக்கும் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே அனாதைகள்தான், ஒன்றில் கூடுதல், ஒன்றில் குறைவு. அப்போதுதான் வசந்தகாலத்தில் நடந்த கூட்டம் ஞாபகம் வந்தது. பேக்கப்பை எத்தனை நாளைக்கு வைத்திருப்பது என்று பேச்சு. சீவ் ஒரு மாதம் என்றாள். இத்தனை வட்டுகள் சுழன்றால் பூமி சூடாகாதா, ஒரு நாள் போதும் என்றான் டோர்க்கெல். இரண்டு பக்கமும் மனம் நோகாமல், கூடவும் கூடாது குறையவும் கூடாது, அளவாக ஒரு வாரம் என்று முடிவெடுத்தோம். சுத்தம் நடந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வாரம் முழுக்க எங்கள் பேக்கப் ஒரு நாள் தவறாமல் வெறுமையைப் பிரதி எடுத்து, பழைய நல்ல பிரதிகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளியிருக்கிறது. தணிக்கைக்காரர்கள் பார்த்திருந்தால் மறுபடியும் கைகுலுக்கியிருப்பார்கள்.

சொன்னேன். முதலில் பேசியவன் டோர்க்கெல்.

"ஆனா மீட்கிற முறை வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுபோச்சு. அது நல்ல விஷயம்தானே?"

அது நல்ல விஷயம்தான் என்று ஹென்னிங் ஒத்துக்கொண்டான். சர்வரை வாடகைக்கு விடும் நிறுவனம் மாதத்துக்கொரு முறை மொத்த வட்டையும் படியெடுத்து வைக்கும், அவர்களைக் கேட்கலாமே என்றான். நான் ஏற்கெனவே எழுதிக் கேட்டிருந்தேன். ஆகஸ்டில் பேசலாம் என்று அவர்களுடைய கணினி பதில் போட்டிருந்தது. அப்படியானால் நாமும் ஆகஸ்டில் பேசுவோம் என்று கூட்டம் கலைந்தது. போகுமுன் நாலு பேரும் ஒருவருக்கொருவர் நன்றி சொன்னோம்.

போன் அடித்தது. பின்னால் மாடு கத்துவது கேட்டது.

"பெர்யெ வந்து நிக்கிறான்," என்றாள் மைக்கென். "குச்சியை வெளிய எடுக்கட்டுமான்னு கேக்குறான். என்ன ஆச்சு?"

நடந்ததைச் சொன்னேன். பச்சை விளக்கை நம்ப வேண்டாம், உண்மை என்னவென்று ஆகஸ்ட் வரைக்கும் தெரியாது என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"கண்ணு, நான் காலையிலேர்ந்து இவகூடவே நிக்கிறேன். எனக்கு மூளை ஓடல. சங்கத்துல இருக்குறவ நீ. ஊசி போடலாம், வேண்டாம், ஏதாவது ஒண்ணு சொல்லு. நீ சொல்றதச் செய்யுறேன். தப்பாப் போனா உன்னத் திட்ட மாட்டேன்."

போடு என்று சொல்லியிருக்கலாம். உறவாக இருந்து கன்று ஊனமாகப் பிறந்தால் பழி என்மேல். கடைசிக் குச்சியைப் பாழாக்கியவள் என்று பெயர் நிற்கும். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். செவ்வாய்க்கிழமை லாரி வரும், அதுவும் என்மேல். எது சொன்னாலும் அது ஒரு சொல். காலையிலிருந்து மூன்று பேரை மனசுக்குள் நாறடித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ஒரு சொல்லுக்கு நாக்கு எழவில்லை. லில்யா இன்னொரு முறை கத்தியது.

"நீ என்ன நினைக்கிற, மைக்கென்?" என்றேன்.

அவள் மூச்சை உள்ளே இழுத்து மெல்ல ஆம் சொன்னாள். இந்தப் பக்கத்து மக்கள் அப்படித்தான், ஆம் என்பதை உள்மூச்சில் சொல்வார்கள். எல்லாம் புரிந்துவிட்டது, இனிப் பேச ஒன்றுமில்லை என்பதற்கும் அதே மூச்சுதான்.

"சரி கண்ணு," என்று வைத்துவிட்டாள். பெர்யெவைத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று பிறகு அவனே சொன்னான். செவ்வாய்க்கிழமை லாரி சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறது.

ஆகஸ்டில் எல்லோரும் பழுப்பேறித் திரும்பினார்கள். சர்வர் நிறுவனமும் தூங்கி எழுந்து ஜூன் மாதப் படியை அனுப்பியது. நானும் டோர்க்கெலும் காவலை அடக்கி, கிடங்கை மாட்டி, பெட்டியைத் திறந்து ஏற்றினோம். காபி ஆறுவதற்குள் முடிந்தது. முடிச்சுகள் வந்தன, நூல்கள் வந்தன, தென் ஸ்வீடனின் தாத்தா பாட்டிகளெல்லாம் திரும்பி வந்தார்கள். டோர்க்கெல் கேக் எடுக்கப் போனான். அவன் வருவதற்குள் நான் லில்யாவையும் பால்டெரையும் கேட்டேன்.

ஏழு தலைமுறைக்கு உறவு இல்லை. பச்சை விளக்கு. இந்தமுறை நிஜப் பச்சை. கூடவே, மிகப் பொருத்தமான ஜோடி என்று ஒரு வரியும் போட்டது.

அந்த வாரமே நடந்ததை அலசிப் பார்க்கும் கூட்டம். யாரையும் குறை சொல்வதற்கில்லை என்று ஹென்னிங் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டான். ஒவ்வொருவரும் மனசில் பட்டதைச் சொன்னோம். பேக்கப்பை இரண்டு வாரம் வைத்திருக்கலாம் என்று அளவாக ஒரு முடிவும் எடுத்தோம். பேத்தியைக் கட்டிய காளைகளைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவதாக ஏற்பாடு. கடைசியில், பாதிப்பு எதுவும் இல்லை என்று அறிக்கையில் எழுதலாமா என்று ஹென்னிங் கேட்டான். ஒரு மாடு போயிருக்கிறது என்றேன். எல்லோரும் தலை குனிந்தார்கள். சீவ் என் கையைத் தொட்டாள். அதை எழுதினால் டோர்க்கெலுக்கு எப்படி இருக்கும் என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். டோர்க்கெல் தட்டிலிருந்த கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஹென்னிங் என் பக்கம் திரும்பி, நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டான்.

மைக்கென் அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. அறிக்கையில் அந்த வரியைச் சேர்க்க வேண்டாம் என்று ஒருமனதாக முடிவானது.